ரீஸ்டார்ட் செய்ய மறந்த ஒரு மாலை

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நான் அவரை டீச்சர் என்றுதான் அழைப்பேன். வெளிநாட்டில் இருக்கும் பேத்தியுடன் முகம் பார்த்துப் பேசுவதற்காகச் சென்ற ஆண்டு புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து வாரம் ஒரு முறையாவது எனக்குப் போன் வரும். "தம்பி, மவுஸ் நகருது, ஆனா எதைக் கிளிக் பண்ணாலும் ஒண்ணும் நடக்கல." "தம்பி, பிரிண்டர் இல்லைன்னு சொல்லுது. பக்கத்துலதானே இருக்கு?" நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா? பெரும்பாலும் அதோடு பிரச்னை தீர்ந்துவிடும்.

சென்ற மாதம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எதைக் கேட்டாலும் ரீஸ்டார்ட்தான். ஏன் நின்னுச்சுன்னு கேட்டா உன்கிட்ட பதில் இல்ல. அடுத்த வாரம் பேத்தி பிளைட்ல வர்றா. அங்க கம்ப்யூட்டர் நின்னா, மேல பறக்கிற பிளேனை எல்லாம் அப்படியே நிறுத்தி வெச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணுவாங்களா?" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் சரியான பதில் அவருக்குப் பிடித்திருக்காது. அமெரிக்காவில் ஒரு விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் 30 நாட்களுக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யத்தான் செய்தார்கள். ஒரு முறை அதைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். அன்று வானத்தில் இருந்த 400 விமானங்களுடன் தரையிலிருந்து பேச முடியாமல் போனது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் அந்த நிகழ்ச்சியில் இருப்பதால் இந்த மாதம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டு செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை. கலிபோர்னியாவில் பாம்டேல் என்ற ஊரில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் நெடுவழி விமானக் கட்டுப்பாட்டு மையம் உள்ளது. விமான நிலையத்தில் உயரமாகத் தெரியும் கோபுரம் வேறு, இது வேறு. கோபுரத்தில் இருப்பவர்கள் ஓடுபாதையையும் அதன் அக்கம்பக்கத்தையும் கவனிப்பார்கள். மேலே ஏறிப் பல நூறு மைல் போகும் விமானங்களைக் கவனிப்பது பாம்டேல் போன்ற மையங்கள். தெற்கு கலிபோர்னியாவும் அதை ஒட்டிய மாநிலங்களின் சில பகுதிகளும் இதன் பொறுப்பில் வருகின்றன.

அன்று மாலை சுமார் 5 மணிக்கு அங்கிருந்த கட்டுப்பாட்டாளர்களின் ஹெட்போனில் திடீரென்று ஒலி நின்றது. ராடார் திரை நன்றாகவே வேலை செய்தது. விமானங்கள் புள்ளிகளாக நகர்வது தெரிந்தது. எது எதை நெருங்குகிறது என்பதும் தெரிந்தது. ஆனால் "நீங்கள் இடப்பக்கம் திரும்புங்கள்" என்று சொல்ல வழியில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று விபத்தைப் பார்ப்பது போன்ற நிலை இது.

இந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். விமானமும் தரையும் பேசிக்கொள்வது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில். பழைய ரேடியோப் பெட்டியில் நாம் கேட்ட அதே ஏ.எம். முறைதான் இதிலும். இவ்வளவு காலம் கழித்தும் எஃப்.எம். முறைக்கு ஏன் மாறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எஃப்.எம். முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சிக்னல் மட்டும் தெளிவாகக் கேட்கும், மற்றது காணாமல் போய்விடும். ஒருவர் பேசியதே தெரியாது. ஏ.எம். முறையில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். இன்னொருவரும் பேசினார் என்று புரிந்துகொண்டு மறுபடி கேட்கலாம். காதுக்கு இனிமை இல்லை, ஆனால் தவறு நடந்தது தெரிந்துவிடும்.

ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசும் பட்டனை அழுத்தியிருக்கும்போது கேட்க முடியாது. கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், அதையும் கட்டுப்பாட்டாளர் கவனித்துக் கேட்க வேண்டும். ஆகவே ஒரு பகுதியில் எத்தனை விமானங்களை ஏற்கலாம் என்பது வானம் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது மட்டும் அல்ல. அந்த ஒரு அலைவரிசையில் எத்தனை வாக்கியங்கள் பேச நேரம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. எழுத்துச் செய்தியாக உத்தரவு அனுப்பும் முறை இப்போது பல இடங்களில் சேர்க்கப்படுவதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

பாம்டேல் மையத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் இருந்த தொடுதிரைப் பலகை, எந்த அலைவரிசை யாருக்கு, எந்த டெலிபோன் லைன் யாருக்கு என்று இணைத்துக் கொடுக்கும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வயர் செருகுபவர் செய்யும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இணைப்பு அமைப்பை மேற்பார்வை செய்யும் ஒரு கம்ப்யூட்டர் பிரிவு அதற்குச் சில காலம் முன்புதான் புதுப்பிக்கப்பட்டு, மைக்ரோசாப்ட் விண்டோஸ் சர்வரில் இயங்கும்படி மாற்றப்பட்டிருந்தது. அன்று நின்றது இந்தப் பிரிவுதான்.

ஏன் நின்றது? விடை ஓர் எண்: 49.7 நாட்கள்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். இயக்கிய நொடியிலிருந்து எத்தனை மில்லி விநாடிகள் ஆயின என்று எண்ணிக்கொண்டே இருப்பது அவர் வேலை. ஒரு விநாடியில் ஆயிரம் மில்லி விநாடி. இந்த எண்ணை எழுதி வைக்க அந்த நாட்களில் 32 பிட் இடம் ஒதுக்கினார்கள். பிட் என்பது ஆன் அல்லது ஆஃப் என்ற இரு நிலை கொண்ட ஒரு ஸ்விட்ச். இப்படி 32 ஸ்விட்ச்கள் இருந்தால் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 விதமாக அவற்றைப் போடலாம். அதற்கு மேல் ஒன்றுகூட முடியாது. ஐந்து இலக்கம் மட்டும் உள்ள பழைய ஸ்கூட்டர் மீட்டரில் 99999க்குப் பிறகு 00000 வருமே, அதே கதைதான்.

கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 429,49,67,296 மில்லி விநாடியை ஆயிரத்தால் வகுத்தால் விநாடி. அதை 86,400ஆல் வகுத்தால் நாள். 49.71 வரும். அதாவது 49 நாட்கள், 17 மணி, 2 நிமிடம், 47 விநாடி. அதற்கு மேல் எண்ண இடம் இல்லை. பாம்டேல் அமைப்பு இந்தக் கணக்கை நம்பித்தான் மற்ற பகுதிகளை அவ்வப்போது "இருக்கிறாயா" என்று விசாரித்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கை தீர்ந்ததும் நேரம் பார்க்க வழியில்லாமல் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். விண்டோஸ் 95, விண்டோஸ் 98 இரண்டுமே 49.7 நாட்கள் தொடர்ந்து ஓடினால் ஹேங் ஆகிவிடும் என்று மைக்ரோசாப்ட் 1999ஆம் ஆண்டே அறிவித்து, அதற்குத் திருத்தமும் கொடுத்தது. விண்டோஸ் 95 வெளியாகி நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் இது வெளியே தெரிந்தது. (அந்த விண்டோஸ் 49 நாட்கள் நிற்காமல் ஓடி எவர் பார்த்தார்கள் என்று அப்போது ஒரு கேலி உண்டு. விண்டோஸ் 98 வைத்திருந்தவன் என்ற முறையில் நானும் அதில் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.) விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்புக்கும் தன் இணைப்பு அமைப்பில் இந்தக் கோளாறு இருப்பது தெரிந்தே இருந்தது. சாப்ட்வேரைத் திருத்தும் வரை, ஒரு தொழில்நுட்ப ஊழியர் 30 நாட்களுக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று விதி வகுத்தார்கள். ரீஸ்டார்ட் செய்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 50 நாள் பிரச்னைக்கு 30 நாள் விதி. கிட்டத்தட்ட மூன்று வாரம் கையிருப்பு. காகிதத்தில் பார்த்தால் போதுமானதுதான். சரியான பயிற்சி இல்லாத ஓர் ஊழியர் அந்த முறை அதைச் செய்யவில்லை.

பழியை அந்த ஊழியர் மீது போட்டுவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கம்ப்யூட்டர் தானாகச் செய்ய வேண்டிய வேலையை மனிதனின் ஞாபகத்திடம் ஒப்படைத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். பிறகு சாப்ட்வேரில் திருத்தம் செய்து, மனிதர் கை படாமல் அந்த எண்ணிக்கை தானே புதுப்பிக்கப்படும்படி மாற்றினார்கள். முதலிலேயே செய்திருக்கலாம்.

ஒரு கருவி நின்றால் மாற்றுக் கருவி இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. அதை இயக்கிய ஒரு நிமிடத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டாளர்கள் தங்கள் சொந்த செல்போனை எடுத்துப் பக்கத்து மையங்களுக்குப் பேசி, "எங்கள் விமானங்களை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். தெற்கு கலிபோர்னியா விமான நிலையங்களில் புறப்பாடு நிறுத்தப்பட்டது. பேச்சு திரும்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுமார் 800 விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன.

அதற்குள் குறைந்தது ஐந்து சந்தர்ப்பங்களில் இரண்டு விமானங்கள் விதித்த தூரத்தைவிட நெருங்கி வந்தன. பக்கவாட்டில் 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் உயரத்தில் வித்தியாசம் வேண்டும். 29 ஆயிரம் அடிக்கு மேல் அன்றைய விதிப்படி அது 2 ஆயிரம் அடி. ஒன்பது கிலோமீட்டர் என்றால் நிறைய தூரமாகத் தோன்றும். எதிரெதிரே மணிக்கு 800 கிலோமீட்டரில் வரும் இரண்டு விமானங்கள் அதை 21 விநாடியில் கடந்துவிடும். இந்தப் பத்தியை நீங்கள் படித்து முடிக்க அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

மோதல் ஏதும் நடக்கவில்லை. காப்பாற்றியது விமானத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். அதன் பெயர் டிகாஸ். அருகில் வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியை இது நேரடியாகக் கேள்வி கேட்டு, தூரத்தையும் உயரத்தையும் தெரிந்துகொள்ளும். மோதல் வரும் என்று தோன்றினால் ஒரு விமானியிடம் "ஏறு" என்றும், மற்றவரிடம் "இறங்கு" என்றும் குரல் கொடுக்கும். இதற்குத் தரையின் உதவி தேவையில்லை. பாம்டேல் மையத்தில் எந்த சர்வர் நின்றாலும் இதற்குக் கவலை இல்லை. மாற்று ஏற்பாடு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நிற்கலாம். நம்பகத்தன்மையைப் படிப்பவர்கள் ஒன்பதுகளை எண்ணுவார்கள். ஒரு கருவி 99.9 சதவீத நேரம் வேலை செய்கிறது என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கும் என்று அர்த்தம். 99.999 என்றால் ஆண்டுக்கு ஐந்தேகால் நிமிடம். 1980களில் அமெரிக்கா தன் கட்டுப்பாட்டு மையங்களுக்காகத் திட்டமிட்ட புதிய அமைப்பு ஆண்டுக்கு 3 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். ஐபிஎம் நிறுவனம் அதை எடுத்துச் செய்தது. செலவும் காலமும் கைமீறிப் போய் 1994ல் திட்டத்தின் பெரும்பகுதி கைவிடப்பட்டது.

அதற்குப் பதில் இரண்டு கருவிகளை வைத்தால் என்ன? ஒன்று ஆயிரத்தில் ஒரு முறை நிற்கும் என்றால், இரண்டும் ஒரே சமயத்தில் நிற்பது பத்து லட்சத்தில் ஒரு முறை. கணக்கு சரிதான், ஆனால் இரண்டும் வெவ்வேறு காரணத்துக்காக நின்றால்தான் சரி. ஒரே சாப்ட்வேர் இரண்டிலும் இருந்தால், ஒன்றை நிறுத்திய தவறு மற்றதையும் நிறுத்தும்.

இதற்கு பிரிட்டன் ஓர் உதாரணம். 2023 ஆகஸ்ட் 28 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து பாரிஸ் நகருக்குச் செல்லும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் அந்நாட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தது. வழியில் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் சில எழுத்துகளில் குறியீடு உண்டு. டி, வி, எல் என்ற ஒரே குறியீடு அமெரிக்காவில் டெவில்ஸ் லேக் என்ற இடத்துக்கும் இருந்தது, பிரான்சில் டோவில் என்ற இடத்துக்கும் இருந்தது. கம்ப்யூட்டர் குழம்பிப்போய், தவறான தகவலைக் கட்டுப்பாட்டாளருக்குத் தருவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று நின்றுவிட்டது. மாற்றுக் கம்ப்யூட்டர் அதே திட்டத்தைக் கையில் எடுத்தது. அதுவும் நின்றது. எல்லாம் 20 விநாடிக்குள் முடிந்தது. நான்கு மணி நேரத்துக்கான திட்டங்கள் கையிருப்பில் இருந்தன. அது தீர்ந்த பிறகு கையால் பதிவு செய்ய வேண்டியதாயிற்று, அது மணிக்கு 60 அளவுக்குத்தான் முடிந்தது. 7 லட்சம் பயணிகளுக்கு மேல் தவித்தார்கள்.

விமான நிலையத்தின் கொள்ளளவு என்றால் ஓடுபாதை எத்தனை என்றுதான் நாம் நினைப்போம். நியூயார்க் அருகில் உள்ள நியூவார்க் நிலையத்தில் 2025 ஏப்ரல் 28 அன்று நடந்தது வேறு விதமாகக் காட்டுகிறது. அந்த நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கவனிப்பவர்கள் இருப்பது பிலடெல்பியாவில். அவர்களுக்கு ராடாரும் ரேடியோவும் சுமார் 90 விநாடி நின்றுபோயின. தகவல் வரும் தொலைத்தொடர்பு லைனில் கோளாறு. மே 9ல் மறுபடியும் அதே போல நடந்தது. அதிர்ச்சியில் சில கட்டுப்பாட்டாளர்கள் விடுப்பில் போனார்கள். ஓடுபாதை ஒன்றில் பழுதுபார்க்கும் வேலையும் அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த வேலை நடக்கும் நேரங்களில் மணிக்கு 28 வருகை, 28 புறப்பாடு என்று வரம்பு விதித்தார்கள். வேலை முடிந்த பிறகும் 34, 34தான். நின்றது ஒன்றரை நிமிடம். அதன் விளைவு மாதக் கணக்கில் நீடித்தது. நம் நாட்டிலும் 2025 நவம்பர் 7 அன்று டில்லியில் விமானத் திட்டங்களைப் பரிமாறும் செய்தி அமைப்பு கோளாறாகி 800 விமானங்களுக்கு மேல் தாமதமானதைச் செய்தியில் படித்திருப்பீர்கள்.

சரி, நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். இன்றைய விண்டோஸில் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு 64 பிட் இடமும் கொடுத்திருக்கிறார்கள். அது நிரம்ப 58 கோடி ஆண்டுகள் ஆகும். ஆனால் பழைய புரோகிராம்கள் இன்னமும் 32 பிட் கணக்கைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துவது உண்டு. அதைவிட அன்றாடம் நமக்குத் தொல்லை தருவது வேறு. புரோகிராம்கள் இயங்கும்போது மெமரியில் இடம் வாங்குகின்றன. சில அதைச் சரியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. நாள்பட நாள்பட இடம் குறைந்து கம்ப்யூட்டர் தள்ளாடத் தொடங்கும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லா இடமும் திரும்பக் கிடைத்துவிடும். டீச்சர் கேட்ட "ஏன் நின்னுச்சு" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

உங்கள் கம்ப்யூட்டர் எத்தனை நாளாக ஓடுகிறது என்று பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் என்ற விண்டோ திறக்கும். சிறியதாகத் திறந்தால் கீழே உள்ள மோர் டீட்டெயில்ஸ் என்பதில் கிளிக் செய்யவும். பெர்பாமன்ஸ் என்ற பிரிவில் சிபியு என்பதைத் தேர்ந்தெடுத்தால், அப் டைம் என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் நாள், பிறகு மணி, நிமிடம், விநாடி.

டீச்சர் வீட்டுக்குப் போய் இதைத்தான் முதலில் திறந்து காட்டினேன். 63 நாட்கள் என்று இருந்தது.

"அது எப்படி? தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தானே படுக்கிறேன்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி வந்தது. காலையில் சீக்கிரம் தயாராவதற்காக, நாம் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உட்பகுதியை முழுவதும் கலைத்துவிடாமல் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். மெத்தையைச் சுருட்டி வைத்து மறுபடி விரிப்பதைப் போல. உள்ளே சேர்ந்த தூசி அப்படியே இருக்கும், அப் டைம் கணக்கும் தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் கலைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கும். ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் மீது கிளிக் செய்தாலும் முழுமையாக நிற்கும். திறந்திருக்கும் பைல்களை சேவ் செய்துவிட்டு இதைச் செய்யவும்.

ரீஸ்டார்ட் முடிந்து அப் டைம் பூஜ்யத்திலிருந்து ஓடுவதை டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாம்டேல் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்து, "அந்த டிகாஸ் எல்லா பிளேன்லயும் இருக்குமா?" என்றார். பேத்தி வரும் அளவுள்ள பெரிய பயணிகள் விமானங்களில் அது கட்டாயம் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

பேத்தி நல்லபடியாக வந்து சேர்ந்தாள். அதன் பிறகு போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரில் ஒவ்வொரு முதல் தேதிக் கட்டத்திலும், பால் கணக்குக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "ரீ" என்று எழுதியிருந்தது.